லேடீஸ் பெட்டியில் லிபியா

அமெரிக்கா அரபு நாட்டு விவகாரங்களில் தலையிடலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்தணியிலிருந்து காலையில் சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில். யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்லுகிற பிறவி நான். கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களில்தான் எங்கள் வீட்டில் இன்றும் காபி குடிக்கிறோம்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. ரயில் எங்கள் ஊரிலேயே கிளம்புவதால் ஜன்னலோர இடத்துக்கு நான் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து அரக்கோணம் வரைக்கும் காவல் காப்பேன், அங்கே ஏறுகிற ஒரு அக்காவுக்காக. அரக்கோணத்தில் முட்டி மோதி ஏறுகிறவர்கள் அந்தப் பையைப் பார்த்ததும் திட்டுவார்கள். நானும் திரும்பத் திட்டுவேன். அந்த அக்கா மேல் அப்போது எனக்குப் பெரிய பிரியம் என்று சொல்ல முடியாது. சண்டை போட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அக்கா சென்னையில் ஒரு அரசு அலுவலகத்தில் இருந்தார். தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். ரயில் ஏறியதும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்துவிட்டு, பிறகு பீன்ஸ் கட்டை எடுத்து மடியில் வைத்து நார் உரிக்க ஆரம்பிப்பார். ஒரே மகன், டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காவை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தன் பிள்ளையைச் சொன்ன மாதிரி அவருக்கு முகம் மாறிவிடும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் அமெரிக்காவைத் தவிர வேறு எதையும் அவரிடம் பேசவில்லை.

துனிசியாவில் பற்றிய நெருப்பு எகிப்துக்கு வந்திருந்த நேரம். கெய்ரோ நடுவே ஒரு மைதானத்தில் ஜனங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கா ஒரு நாள் அந்த நாட்டுத் தலைவர் நல்லவர் என்றது, அடுத்த நாள் அவர் சீர்திருத்தம் செய்யவேண்டும் என்றது, அதற்கடுத்த நாள் ஜனங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்றது. எனக்குக் கொண்டாட்டம்.

"அந்தாளுக்கு இத்தினி வருஷமா துப்பாக்கி குடுத்தது யாருக்கா? உங்க ஆளுங்கதான? இப்ப ஜனங்க ரோட்டுக்கு வந்தப்புறம் ஜனநாயகம்னு கண்ணத் துடைச்சிகினு நிக்கறாங்க."

"குடுத்தாங்க, இல்லன்னு நான் சொல்லல. இப்பவாச்சும் எறங்குன்னு சொன்னாங்களா இல்லியா? தப்பு பண்ணவன் திருந்தவே கூடாதா?"

"திருந்தறவன் எல்லா எடத்துலயும் திருந்தணும்ல. பஹ்ரைன்ல அவங்க கப்பல் நிக்குது. அங்க ஜனங்கள அடிச்சா மட்டும் ஏன் வாய மூடிகினு கீறாங்க?"

"உனக்கு அமெரிக்கா செஞ்சாலும் தப்பு, செய்யலன்னாலும் தப்பு."

"ஆங், அதான். கரெக்டா சொன்னீங்க."

பெட்டியே சிரிக்கும். எதிரில் பூக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து வார்த்தை எடுத்துக் கொடுப்பார்கள். திருவள்ளூர் தாண்டும்போது குரல் உச்சத்தில் இருக்கும். அம்பத்தூரில் நான் இறங்கும்போது அக்கா ஜன்னல் வழியாக ஏதாவது ஒரு கடைசி வார்த்தை எறிவார், "நாளைக்கு வா, உனக்கு இருக்குது" என்று. சாயங்காலம் வரை அதற்குப் பதில் தேடிக்கொண்டே நான் வவுச்சர்களைச் சரிபார்ப்பேன். சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் கணவர் அப்போது லிபியாவில் இருந்தார்.

அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பாவின் அக்கா மகன். ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டில் தறி, திருத்தணியில் அத்தை வீட்டிலும் தறி. வீட்டுக்குள் பாதி தெலுங்கு, பாதி தமிழ். பாவா நெய்ய மாட்டார், நின்றுபோன பவர்லூமை ஓடவைப்பார். தறிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போக ஆரம்பித்ததும், ஒரு கட்டட கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டுக் கிளம்பினார். இரண்டு வருஷ ஒப்பந்தம். துபாய் இல்லாமல் லிபியாவா என்று நான் கேட்டபோது, "எல்லா ஊர்லயும் கரண்ட் ஒண்ணுதான்டி" என்றார்.

கிளம்புவதற்கு முன் அத்தை அவரை மலைக்குக் கூட்டிப்போய் ஒரு வேண்டுதல் வைத்தாள். திரும்பி வந்து இங்கே மொட்டை போடுகிற வரைக்கும் தலையிலும் முகத்திலும் கத்தி படக் கூடாது. முடி மொத்தமும் முருகனுக்கு. எங்கள் ஊரில் இது அதிசயம் ஒன்றும் இல்லை. பிள்ளை பிறக்க, வழக்கு ஜெயிக்க, கால் வலி தீர என்று முடி வளர்க்காத வீடே கிடையாது. வேலை முடிந்து நான் ரயிலிலிருந்து இறங்கும்போது ஸ்டேஷன் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளாக இருக்கும். அவர்கள் வேண்டுதல் முடிந்தவர்கள். பாவா பாக்கி.

ஒரு வருஷத்தில் தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர் மின்னஞ்சலில் ஒரு போட்டோ அனுப்பினார். அதை ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வந்து காட்டியபோது அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டவர் மெலிந்த, மழமழவென்று முகம் மழித்த மனிதர். இதில் மலைக்குகையிலிருந்து இறங்கி வந்த ஒரு சாமியார் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

பிப்ரவரியில் லிபியாவிலும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாட்டுத் தலைவர் எகிப்துக்காரரைப் போல இறங்கிப் போகிற ஆள் இல்லை. சுட்டார்கள். கிழக்கே சில ஊர்களைக் கலகக்காரர்கள் பிடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. பாவா இருந்தது மேற்கே, தலைநகரத்துக்குக் கொஞ்ச தூரத்தில். முதல் போனில், "சைட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல, நீ டிவி பாக்காத" என்றார். நான் டிவி பார்க்காமல் இருக்கிற ஆளா?

இரண்டாவது போனில் குரல் சின்னதாக இருந்தது.

"எங்கள ஏர்போர்ட்டுக்குக் கூட்டிகினு போப்போறாங்களாம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாக்கறாங்க. தாடி வெச்சிகினு இருந்தா கலகக்காரன்னு எறக்கிடறாங்களாம். எல்லாரும் எடுத்துடு எடுத்துடுன்றாங்க. அம்மாகிட்ட ஒருவாட்டி கேட்டுச் சொல்றியா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னா பாவா இருக்குது? இப்பவே எடு. முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் சிரித்தார். "நீ அமெரிக்காகாரன் கூடவே பேசற ஆளு. முருகன்கிட்ட பேச மாட்டியா? ஆனா அம்மா சொல்லட்டும். அவங்க வெச்ச வேண்டுதல். ரெண்டு நாள்ல திரும்பப் பண்றேன்."

அத்தையிடம் சொன்னேன். அவள் என்னோடு வாதம் எதுவும் செய்யவில்லை. குளித்துவிட்டு மலைக்குப் புறப்பட்டாள், நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பூ போட்டுப் பார்க்கப் போகிறாள் என்று தெரியும். இரண்டு வெற்றிலைத் துண்டுகள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைத்து, யாராவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் எடுத்துவிடலாம். சிவப்பு வந்தால் கூடாது. அங்கே மொட்டை போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தையை அதன் அம்மா எங்களுக்காகக் கொண்டுவந்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு ஒரு மடிப்பை எடுத்தது. அத்தை பிரித்தாள். சிவப்பு.

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த மடிப்பை நானே பிரித்துப் பார்த்தேன். வெள்ளை அதில் ஒழுங்காக இருந்தது. அத்தையின் மேல் சந்தேகப்பட்டேன் என்று அவளுக்கும் புரிந்தது.

"இன்னொருவாட்டி போடு அத்தே."

"சாமிய ரெண்டு வாட்டி கேக்கக் கூடாதுடி."

"அங்க சுடறாங்க அத்தே. தாடியப் பாத்து சுடறாங்க."

"இத்தினி சுட்டும் எம்புள்ள மேல ஒரு கீறல் உண்டா? அந்த முடிதான்டி அவனக் காப்பாத்திகினு இருக்குது. அத எடுக்கச் சொல்றியே."

பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிற தாய் இல்லை அவள். தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்றாள். அமெரிக்க ஜனாதிபதியின் பேச்சை வரிவரியாகக் கிழிக்கத் தெரிந்த எனக்கு, சேலைத் தலைப்பில் ஒரு சிவப்பு அரளியை முடிந்துகொண்டு முன்னால் இறங்குகிற அத்தையிடம் பேச ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

பொய் சொல்வதென்று முடிவு செய்தேன். பாவா போன் செய்ததும், "அம்மா பூ போட்டாங்க, வெள்ளை வந்துச்சு, எடுத்துடச் சொன்னாங்க" என்று சொல்லிவிட வேண்டியது. பாவம் என் தலையில் விடியட்டும். ரயிலில் அதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். குரலில் சந்தோஷம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

போன் வரவில்லை. நான் போட்டால் ஒரு பெண் அரபியில் என்னவோ சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் சொன்னாள், இணைப்பு கிடைக்கவில்லை என்று. மோசூரில் போட்டேன். மணவூரில் போட்டேன். கடம்பத்தூரில் சிக்னலுக்கு நின்றபோது போட்டேன். அந்தப் பெண்ணின் குரல் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவளிடமாவது சொல்லிவைக்கலாமா, அவர் பேசினால் தாடியை எடுக்கச் சொல் என்று தோன்றியது. பொய் தயாராக இருந்தது, கேட்க வேண்டிய ஆள் இல்லை.

அந்த நாட்களில் பெட்டியில் ஓடியது ஒரே கேள்வி. லிபியா வானத்தில் அந்தத் தலைவரின் விமானங்கள் பறக்காதபடி அமெரிக்கா தடுக்க வேண்டுமா, வேண்டாமா? பாவா அங்கே இருப்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் ஏர்போர்ட், விமானம், கூட்டி வருகிறார்கள் என்றெல்லாம் நான் சொல்லியிருந்ததால் அவர் பயப்படவில்லை. வழக்கம்போலவே மல்லுக்கு நின்றார்.

"சொந்த ஜனங்க மேலயே குண்டு போடறான். பாத்துகினு இருக்கணுமா? அமெரிக்கா போகத்தான் வேணும்."

"போனா இவங்க குண்டும் அந்த ஜனங்க மேலதானக்கா விழும்? மேலருந்து பாத்தா எவன் நல்லவன் எவன் கெட்டவன்னு எழுதி ஒட்டியா இருக்குது?"

"அப்ப இன்னாதான் பண்ணணும்னு சொல்ற?"

அந்த இடத்தில் நான் எப்போதும் தயாராக ஒன்று வைத்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். என்ன செய்ய வேண்டும்? ரோட்டில் நிறுத்துகிறவர்களை யாராவது வந்து விரட்டினால் பாவாவை ஏற்றிவருகிற வண்டி ஏர்போர்ட்டுக்குப் போய்விடும், ஆகையால் அமெரிக்கா வரட்டும். வந்தால் முதல் குண்டு ஏர்போர்ட்டில்தான் விழும், ஆகையால் வர வேண்டாம். அரக்கோணத்தில் ஒரு முடிவுக்கு வந்தால் திருநின்றவூரில் அது மாறிவிட்டது. மூன்று வாரமாக மாற்றி மாற்றிப் பேசுகிறார் என்று நான் கேலி செய்த அந்த ஜனாதிபதியைவிட என் நிலைமை மோசம். அவர் எந்தப் பக்கம் சொன்னாலும் ஏதோ நடக்கும். நான் எந்தப் பக்கம் சொன்னாலும் அம்பத்தூர்தான் வரும்.

அங்கிருந்து நம் ஆட்கள் விமானத்தில் வந்து இறங்குவதை டிவியில் காட்டினார்கள். ஒவ்வொருவரின் முகவாயாகப் பார்த்தேன். பாவா கூட வேலை செய்த நகரிக்காரர் ஒருவர், போட்டோ அனுப்பினவர், டெல்லியில் இறங்கி ரயில் பிடித்து வந்தார். நகரிக்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். தன் வீட்டுக்குப் போகாமல் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அண்ணி என்பதைத் தெலுங்கில் வதினா என்பார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"பஸ்ஸ ஒரு எடத்துல நிறுத்திட்டாங்க வதினா. மிலிட்டரி ட்ரெஸ்ல பாதிப் பேரு, சும்மா சட்டைல பாதிப் பேரு. எந்தக் கட்சின்னு எங்களுக்குத் தெரியல. பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்தாங்க. போட்டோல மழிச்ச மூஞ்சி, ஆளப் பாத்தா தாடி. இன்னாடா இதுன்னு கேட்டாங்க. சாமிக்குன்னு எப்பிடி சொல்றது? ஒத்த வெரல மேல தூக்கிக் காட்டி, சாமி, சாமின்னான். அதப் பாத்ததும் அவங்களுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு. எறங்குன்னுட்டாங்க. விசாரிச்சிட்டு அடுத்த பஸ்ல அனுப்பறோம்னு டிரைவர்கிட்ட சொன்னாங்களாம். டிரைவர் எடுத்துட்டான்."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"உக்காந்துகினு இருந்தோம் வதினா." அவர் அழுதுவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நானும் உட்கார்ந்துகொண்டுதானே இருந்தேன், ஜன்னலோரத்தில். ஒற்றை விரலை மேலே தூக்குவது பாவாவின் வழக்கம். தறி எப்போது ஓடும் என்று கேட்டால்கூட விரலை மலைப் பக்கம் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். தாடி வைத்தவர் அப்படிக் காட்டினால் அது மதப் போராளிகளின் சைகை என்று பிறகு எங்கோ படித்தேன்.

அத்தை அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "முடிய எடுத்தாங்களா நைனா?"

"நான் பாக்கற வரைக்கும் இல்லமா."

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அப்போது கையில் என்ன இருந்தாலும் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். டம்ளர்தான் இருந்தது, வந்தவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி அவரிடம் கொடுத்தேன்.

பிறகு நான் கேட்காத இடம் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தூதரகத்து எண்ணுக்குப் பேசினேன். மரியாதையாகப் பேசினார்கள், விவரம் வாங்கிக்கொண்டார்கள், அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்றே நம்புகிறேன். நிறுத்தினவர்கள் யார் என்று கேட்டார்கள். அரசாங்கத்தின் ஆட்களா, கலகக்காரர்களா என்று தெரிந்தால்தானே யாரிடம் கேட்பது என்று முடிவு செய்ய முடியும்? அது எனக்குத் தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச்சில் குண்டுகள் விழ ஆரம்பித்தன. அன்று காலை ரயிலில் என் சாப்பாட்டுப் பை வழக்கம்போலப் பக்கத்து இடத்தில் இருந்தது. அக்கா ஏறினார், ஜெபம் செய்தார். வழக்கத்தைவிட நீளமான ஜெபம். அவருக்கு விஷயம் எட்டிவிட்டது என்று புரிந்தது. பீன்ஸை எடுக்கவில்லை.

எனக்குச் சண்டை வேண்டியிருந்தது. மூச்சு விடுவதற்கு வேண்டியது போல அத்தனை அவசரமாக வேண்டியிருந்தது. "பாத்தீங்களாக்கா, உங்காளுங்க புத்தி? இறங்கிட்டாங்க. எண்ணெய் எங்க இருக்குதோ அங்கதான் ஜனநாயகம்" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் அக்கா.

நான் அவரையே பார்த்தேன். "இன்னா ஆமா? கொலகாரங்கன்றேன்."

"ஆமாம்மா."

மறுநாள் கட்சி மாறிப் பார்த்தேன். "யோசிச்சுப் பாத்தா குண்டு போட்டதும் சரிதான்கா. அந்த மாதிரி ஆள வேற எப்பிடி எறக்கறது? நீங்க சொன்னதுதான் சரி."

"ஆமாம்மா. அதுவும் சரிதான்."

எதிரில் இருந்தவர்கள் பூவைப் பார்த்துக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இந்தப் பெட்டியில் ஒருவர் சொல்வதற்கெல்லாம் எப்போது தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். கணவனை இழந்து காரியம் முடித்துவிட்டு முதல் நாள் வேலைக்கு வருகிற பெண்ணுக்கு இடம் விட்டு, தண்ணீர் கொடுத்து, அவள் என்ன சொன்னாலும் ஆமாம் என்பார்கள். நானும் ஆமாம் சொல்லியிருக்கிறேன். என் நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது, அக்கா எனக்கு ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து, சண்டை போடுங்கக்கா, என்னோடு ஒரே ஒருவாட்டி சண்டை போடுங்க என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது. கெஞ்சவில்லை. ஆவடி வந்தது, பிறகு அம்பத்தூர் வந்தது, நான் இறங்கினேன். ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்தத் தலைவர் இறந்தார். அவரை எதிர்த்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அந்த நாடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று பேப்பரில் எப்போதாவது உள்பக்கத்தில் வரும். ஏமன், சிரியா என்று பெட்டியில் பேச்சு வந்தால் நான் வெளியே பார்ப்பேன். சொந்தக்காரர்கள் சிலர், இத்தனை வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகச் சட்டத்தில் எழுதிவிடலாம், உனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா என்றார்கள். அத்தை அவர்களை வாசலோடு அனுப்பினாள். அந்த ஒரு விஷயத்தில் நானும் அத்தையும் ஒரே கட்சி. அவள் கணக்கு எளிமையானது. முடி எடுக்கவில்லை, ஆகையால் உயிர் இருக்கிறது. தாடி இப்போது தொப்புளுக்கு வந்திருக்கும் என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். ஆமாம் அத்தே என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்க மொட்டைத் தலைகள் வரும். அன்றைக்கு நான் வேண்டுமென்றே வேலைக்குப் போவேன்.

சமீபத்தில் ஒரு டிசம்பர் காலை. சிரியாவின் தலைவர் நாட்டைவிட்டு ஓடிவிட்டார், சிறைகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி. அக்கா அரக்கோணத்தில் ஏறினார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் சில மாதம்தான் இருந்தது. முட்டி வலியால் ஏறுவதற்கே சிரமப்பட்டார். இப்போதும் என் பைதான் அவருக்கு இடம் பிடிக்கிறது. எதிரில் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு வீடியோ பார்த்தபடி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"அமெரிக்கா அப்பவே உள்ள பூந்திருந்தா இவங்க இத்தினி வருஷம் ஜெயில்ல இருந்திருப்பாங்களாடி?"

"லிபியாலதான் பூந்தாங்களே. இன்னா கிழிச்சாங்க?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். அக்கா, நீங்க சொல்லுங்க, நீங்க டெய்லி பேப்பர் படிக்கறீங்கல்ல."

என்னைத்தான் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைக் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் பேச்சு இருக்கிறது, திருத்தணியிலிருந்து சென்ட்ரல் வரை நிறுத்தாமல் பேசலாம். நான் அந்தப் பெண்ணின் கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இரும்புக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் தாடி. நெஞ்சு வரைக்கும், சிலருக்கு அதற்கும் கீழே. மெலிந்த உடம்பு. ஒருவர் ஒற்றை விரலை மேலே தூக்கினார்.

"கொஞ்சம் நிறுத்தும்மா அத" என்றேன்.

அவள் நிறுத்தினாள். நான் குனிந்து பார்த்தேன். விரலைத் தூக்கியவரின் முகம் பாதி மறைந்திருந்தது. மூக்கு அவர் மூக்கு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "அடுத்ததுக்குப் போ. மெதுவா. நிறுத்து. அந்தப் பின்னால இருக்கறவரு."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயில் எங்கோ சிக்னலுக்கு நின்றுவிட்டது. என் முழங்கை மேல் ஒரு கை விழுந்தது. அக்கா.

"அது சிரியாம்மா" என்றார். "லிபியா இல்ல."

அந்த மார்ச்சுக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அக்கா என்னை மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெரியும்க்கா" என்றேன். நடுவில் எகிப்து இருக்கிறது, கடல் இருக்கிறது. அந்த வரைபடத்தை என்னைவிட நன்றாகப் பார்த்தவர்கள் இந்த ஊரில் யார்?

அக்கா தன் கண்ணாடியை எடுத்துச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டார். எதிரில் இருந்த பெண்ணைப் பார்த்து, "மொதல்லருந்து போடும்மா. மெதுவா போடு, நாங்க ரெண்டு பேரும் பாக்கறோம்" என்றார்.

அந்தப் பெண் முதலிலிருந்து போட்டாள்.